காவிரி டெல்டா நெல் வயல்களில் எலிக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் பயிரிடுவோர் எலித் தொல்லை குறித்து ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பெரும்பாலான கேள்விகள் எந்த மருந்து நல்லது என்றே தொடங்குகின்றன. ஆனால் எந்த நாளில், எத்தனை பேர் சேர்ந்து செய்கிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. ஆகவே கீழுள்ள விடைகளில் காலத்துக்கும் கூட்டு முயற்சிக்கும் முதலிடமும் நஞ்சுக்குக் கடைசி இடமும் தரப்பட்டுள்ளன.

டெல்டா வயல்களில் எந்தெந்த எலிகள் சேதம் செய்கின்றன?

முதன்மையான எதிரி கரம்பை எலி. உடல் தடித்து, முகம் மழுங்கி, கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும் இது வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஆழமாக வளை தோண்டும். வளையின் வாயில் புது மண்ணைக் குவித்து அடைத்து வைப்பது இதன் வழக்கம். வெட்டிய கதிர்களை வளைக்குள் இழுத்துச் சென்று சேமிப்பதும் இதுவே. புல் எலி இதைவிடச் சிறியது, மென்மையான உரோமம் கொண்டது. வெடித்த நிலத்தின் பிளவுகளிலும் எளிய வளைகளிலும் தங்கும். வயல் சுண்டெலி மிகச் சிறியது. வரப்பில் சிறு துளையும் அதன் அருகே பொடி மண்ணும் தெரிந்தால் அது இதன் வேலை. வெள்ளெலி மேட்டு நிலங்களிலும் நிலக்கடலைப் பகுதிகளிலும்தான் மிகுதி. வீட்டிலும் களஞ்சியத்திலும் தென்னை மரத்திலும் காணப்படும் வீட்டெலி வேறு இனம்; அதற்கான முறைகளும் வேறு.

பயிர் வெட்டுப்பட்டிருக்கிறது. அது எலிதான் என்று எப்படி உறுதிசெய்வது?

நட்ட சில நாட்களுக்குள் இளநாற்றுகள் நீர்மட்டத்தை ஒட்டி அறுபட்டு மிதந்தால், முதலில் நண்டைச் சந்தேகிக்க வேண்டும். கதிர் வெளிவந்த பின் வெண்ணிறமாக நிமிர்ந்து நின்று, இழுத்தால் எளிதில் கையோடு வரும் வெண்கதிர் குருத்துப்பூச்சியின் அடையாளம். எலி வெட்டிய தூரில் தண்டு சாய்வாக அறுக்கப்பட்டிருக்கும். அறுபட்ட துண்டுகள் அருகிலேயே கிடக்கும். ஈர மண்ணில் கால்தடமும் ஓடுபாதையும் தெரியும்.

இன்னொரு முக்கிய அடையாளம், சேதம் வயலின் நடுவில் தொடங்குவது. மறைவு வேண்டும் என்பதால் எலி ஓரப் பயிரை விட்டுவிட்டு உள்ளே சென்று வெட்டுகிறது. வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் முழுமையாகத் தெரியும். உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் பாய் விரித்த அளவுக்கு வெட்டுப்பட்ட திட்டுகள் தென்படும். எனவே தூர் கட்டும் (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும்) பருவத்திலிருந்தே வாரம் ஒருமுறையாவது வயலுக்குள் குறுக்கே நடந்து பார்ப்பது அவசியம்.

கதிர் வெட்டியதைப் பார்த்தவுடன் மருந்து வைத்தேன். ஆனாலும் சேதம் நிற்கவில்லை. ஏன்?

இதற்கு விடை எலியின் இனப்பெருக்கத்தில் இருக்கிறது. கரம்பை எலியின் கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை பிறப்பது இயல்பு. ஈன்ற சில நாட்களிலேயே தாய் மீண்டும் சினைப்பட முடியும். பயிர் சூல் கட்டும் (தண்டுக்குள் கதிர் உருவாகும்) பருவத்திலிருந்து கதிர் முற்றும் வரை கிடைக்கும் சத்தான தீனி இந்தப் பெருக்கத்தைத் தூண்டுகிறது. ஆகவே நட்ட ஒரு மாதத்துக்குள் ஒரு பெண் எலியை அகற்றுவது, அறுவடைக்கு முன் அதன் குட்டிகளையும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட எலிகளை அகற்றுவதற்குச் சமமாகலாம். கதிர் வெட்டுப்பட்டது கண்ணில் படும் நாளில் அந்தப் பெருக்கம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

அந்நேரத்தில் வைக்கும் நஞ்சுணவு பலிக்காமல் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வயல் முழுவதும் பால் பிடித்த நெல் நிற்கும்போது, பொட்டலத்தில் மடித்து வைத்த பொரியை எலி எதற்காகத் தேடி வர வேண்டும்? வேறு தீனி இல்லாத கோடையிலும், பயிர் இளமையாக இருக்கும் தொடக்க வாரங்களிலும் மட்டுமே அது நஞ்சுணவை விரும்பி எடுக்கும்.

பயிரின் இயல்பையும் கருத வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் வெட்டுப்பட்ட நெல் புதுத் தூர் விட்டு ஓரளவு இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். சூல் கட்டிய பிறகு வெட்டுப்பட்ட தண்டுக்கு மறுவாய்ப்பு இல்லை. மேலும் எலி தான் தின்பதைவிட மிகுதியாக வெட்டுகிறது. ஆசிய நாடுகளில் நெல் விளைச்சலில் 5 முதல் 10 விழுக்காடு வரை எலிகளால் இழப்பதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ஆனால் அந்த இழப்பு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒரே கண்ணாற்றில், அதாவது ஒரே கிளை வாய்க்காலில் பாசனம் பெறும் வயல்களில், ஒருவர் வயல் தப்பியிருக்க, அடுத்தவர் வயல் பாதியாகக் குறைந்திருப்பதைக் காண்கிறோம்.

அப்படியானால் எந்தக் காலத்தில் செய்வது சரி?

முதல் வாய்ப்பு கோடை. தாளடி (குறுவைக்குப் பின் நடும் இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து, பயறும் எடுத்த பிறகு, மேட்டூர் அணையிலிருந்து தண்ணீர் வரும்வரை உள்ள இடைவெளியில் வயலில் தீனி இல்லை. வழக்கமான ஆண்டுகளில் அணை திறப்பு ஜூன் 12 என்பதால், மே மாதமே மிகப் பொருத்தமானது. எலிகள் அப்போது வாய்க்கால் கரை, குளக்கரை, திடல், தரிசு, மூங்கில் புதர், வைக்கோல் போர் ஆகிய சில இடங்களில் ஒதுங்கியிருக்கும். பரந்த வயலெங்கும் துரத்த வேண்டிய எலியை இவ்விடங்களில் குறைந்த உழைப்பில் பிடித்துவிட முடிகிறது.

இரண்டாவது வாய்ப்பு, நடவு முடிந்து முப்பது நாட்களுக்குள். கோடையில் தப்பியவை வயலுக்குள் நுழைந்து வளை அமைக்கும் காலம் அது. இந்த இரண்டு காலத்திலும் கவனமாக இருந்தவர்கள் கதிர்ப் பருவத்தில் பெரும்பாலும் காவல் பார்ப்பதோடு நின்றுவிடலாம்.

என் நிலத்தில் மட்டும் செய்தால் போதாதா?

போதாது. ஒரு வயலில் எலி ஒழிந்தால், அந்த வெற்றிடத்தை அடுத்த வயலின் எலிகள் சில வாரங்களில் நிரப்பிவிடும். ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் நிலக்காரர்கள் அனைவரும் ஒரே வாரத்தில் வளை தோண்டவும் கிட்டி எனும் மூங்கில் பொறி வைக்கவும் உடன்பட வேண்டும். குத்தகைக்கு விடப்பட்ட நிலமும் வெளியூரில் இருப்பவர்களின் தரிசும் பல நேரங்களில் விடுபட்டுப் போகின்றன. எலிகள் பெருகும் இடங்களும் அவையே. கோயில் நிலம், புறம்போக்கு, வாய்க்கால் கரை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை ஊர்க் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

நடவு நாளையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு பகுதியில் குறுவை முற்றி நிற்க, பக்கத்தில் சம்பா நடவாகி, அதற்கடுத்து தாளடிக்கு நாற்றங்கால் போடப்பட்டிருந்தால், எலிக்கு ஆண்டின் பெரும்பகுதி கதிர்ப் பருவமாகவே அமைந்துவிடுகிறது. அக்கம்பக்கத்து வயல்கள் இரண்டு வார இடைவெளிக்குள் நடப்பட்டால் அதன் இனப்பெருக்கக் காலம் சுருங்கும். தண்ணீர் வரத்தும் ஆள் பற்றாக்குறையும் இதற்குத் தடையாக இருப்பது உண்மை. ஆனாலும் ஒரு கண்ணாற்று அளவிலாவது இதைச் செய்ய முயல வேண்டும்.

வரப்பை என்ன செய்ய வேண்டும்?

அகலமான வரப்பு எலிக்கு வீடு. வரப்பின் உயரமும் அகலமும் ஓர் அடிக்குள் இருந்தால் கரம்பை எலியால் அதில் நிலையான வளை அமைக்க முடிவதில்லை. உழவுக்கு முன் அண்டை வெட்டி (வரப்பின் ஓரத்தைச் சீவி), புல் செதுக்கி, சேறு பூசுவது நம் முன்னோர் முறை. இன்று கூலியை எண்ணிப் பலரும் அதைக் கைவிட்டுவிட்டனர். எலிச் சேதத்தையும் கணக்கில் சேர்த்தால் அண்டை வெட்டும் கூலி வீண் செலவு அன்று. இயந்திர அறுவடைக்குப் பின் வயலெங்கும் சிதறிக் கிடக்கும் வைக்கோலையும் விரைவாகக் கட்டி அகற்ற வேண்டும்.

தஞ்சாவூர் கிட்டி இன்றும் பயன் தருமா?

நிச்சயமாகத் தரும். என் மதிப்பீட்டில் டெல்டா விவசாயி கையிலுள்ள கருவிகளில் இதுவே சிறந்தது. பிளந்த மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் இழுத்து, இரையைத் தொட்டவுடன் விடுபடும்படி அமைத்த எளிய பொறி இது. எலி உடனே இறந்துவிடுவதால் வதை குறைவு. நஞ்சு இல்லாததால் ஆந்தைக்கும் நாய்க்கும் மீனுக்கும் ஆபத்தில்லை. அடுத்த நாள் மீண்டும் பயன்படுத்தலாம். எத்தனை எலி பிடிபட்டது என்பது கண்ணெதிரே தெரியும்.

பலன் தருவது வைக்கும் இடத்தைப் பொறுத்தது. பகலிலேயே ஓடுபாதைகளையும் புது வளைகளையும் பார்த்து வைத்துக்கொண்டு, மாலை மங்கும் நேரத்தில் பாதையின் குறுக்கே கிட்டிகளை ஊன்ற வேண்டும். நெற்பொரி, கருவாடு, தேங்காய்த் துண்டு ஆகியவை ஏற்ற இரைகள். ஒன்றிரண்டு கிட்டியால் பயனில்லை. ஹெக்டேருக்கு நூறு வரை, அதாவது ஏக்கருக்கு நாற்பது என்ற அளவில் வைப்பது பரிந்துரைக்கப்படுகிறது. விடியற்காலையில் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பகலில் வரும் பறவைகள் சிக்கிக்கொள்ளும். எலி பிடிபடுவது குறைந்தவுடன் அதே இடத்தில் விட்டுவைக்காமல் வேறு பகுதிக்கு மாற்ற வேண்டும்.

எலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களை அழைப்பது குறித்து?

கிட்டி வைப்பதிலும் வளை தோண்டுவதிலும் தேர்ந்தவர்களின் அறிவுக்கு ஈடு இல்லை. எந்த வளையில் எலி இருக்கிறது, எந்தத் துளை அது தப்பி ஓடும் வழி என்பதை மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வட மாவட்டங்களில் இருளர் மக்கள் இக்கலையில் புகழ்பெற்றவர்கள். மண்பானையில் தீ மூட்டி வாயால் ஊதி வளைக்குள் புகை செலுத்திய அவர்களின் பழைய முறை கைகளையும் நுரையீரலையும் பாதித்தது. கைப்பிடியைச் சுழற்றிப் புகை செலுத்தும் எஃகுக் கருவி பின்னர் அவர்களுக்காக உருவாக்கப்பட்டது.

பிடிப்பவர்களுக்கு உரிய கூலியைத் தர வேண்டும். வளையிலிருந்து மீட்கும் நெல் அவர்களுக்கே என்ற வழக்கத்தையும் மதிக்க வேண்டும். இதைவிட முக்கியமான கடமை ஒன்று உண்டு. வயல் எலி அவர்களில் பலருக்கு உணவு. எனவே நஞ்சு வைத்த வயலிலோ அதை அடுத்த வயலிலோ அவர்களை இறக்கும் முன் அந்தச் செய்தியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உயிர் தொடர்பான இந்தத் தகவலைச் சொல்லாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் பொருந்தாது.

ஆந்தை தாங்கி வைத்தால் உண்மையிலேயே எலி குறையுமா?

குறையும், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. வயலில் ஆங்காங்கே ஆங்கில டி எழுத்து வடிவில் குச்சிகளை நட்டால், கூகையும் பிற ஆந்தைகளும் அமர்ந்து வேட்டையாடும். தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றினாலும் போதும். ஏக்கருக்குப் பதினைந்து முதல் இருபது இடங்கள் போதுமானவை. கதிர் முற்றும் நேரத்தில் பகலில் நெல் தின்னும் பறவைகளும் அமரும் என்பதால், அப்போது அவற்றை எடுத்துவிடலாம்.

கூகையைச் சாக்குருவி என்று அஞ்சி, அதன் கூட்டைக் கலைப்பதும் கல்லெறிந்து விரட்டுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அது வீட்டு மாடத்திலும் கோயில் கோபுரத்திலும் தங்குவது மரணத்தை அறிவிப்பதற்காக அன்று. பொந்துள்ள மரங்கள் குறைந்துவிட்டதால்தான். குஞ்சு பொரித்திருக்கும் ஒரு கூகைக் குடும்பம் இரவுதோறும் பல எலிகளைக் கொண்டு செல்கிறது. சாரைப்பாம்பும் கீரியும் அவ்வாறே. நஞ்சற்ற சாரையை அடித்துக் கொல்லும் விவசாயி தனக்குக் கூலி இல்லாமல் வேலை செய்யும் ஆளை இழக்கிறார்.

நஞ்சுணவு வைத்தே ஆக வேண்டும் என்றால் எதை, எப்படி வைப்பது?

முதல் நாள் மாலை எல்லா வளைகளையும் மண்ணால் மூட வேண்டும். மறுநாள் காலையில் திறந்திருப்பவை மட்டுமே எலி உள்ள வளைகள். அவற்றுக்கு மட்டும் வைத்தால் நஞ்சும் செலவும் குறையும்.

பாதுகாப்பைக் கருதினால், கடையில் கட்டியாகவே கிடைக்கும் 0.005 விழுக்காடு புரோமாடியோலோன் மேலானது. இது இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்தே எலியைக் கொல்கிறது. அதனால் எலிக்குச் சந்தேகம் எழுவதில்லை. தவறுதலாக உட்கொண்ட மனிதருக்கும் வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் இந்த எலியைத் தின்னும் ஆந்தையின் உடலிலும் இம்மருந்து சேரும். ஆகவே கட்டியை வளைக்குள் ஆழமாக வைத்து மூட வேண்டும். இறந்த எலிகளைத் தேடி எடுத்து ஆழப் புதைக்க வேண்டும்.

துத்தநாக பாஸ்பைடு விரைந்து கொல்லும் கடும் நஞ்சு. பொரி அல்லது குறுநொய் 96 பங்கு, சமையல் எண்ணெய் 2 பங்கு, நஞ்சு 2 பங்கு என்பது வழக்கமான கலவை. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, திறந்த வெளியில், குச்சியால் மட்டுமே கலக்க வேண்டும். ஈரம் பட்டால் நச்சுவாயு வெளிப்படும் என்பதால் மழை நாளில் இதைத் தொடவே கூடாது. கலந்த பாத்திரம் ஒருபோதும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

துத்தநாக பாஸ்பைடு முதல் தடவை பலித்தது; இரண்டாம் தடவை எலி தொடவே இல்லை. ஏன்?

குறைவாகத் தின்று உயிர் பிழைத்த எலி அந்தச் சுவையை நினைவில் வைத்து ஒதுக்கிவிடும். இதைத் தவிர்க்க, இரண்டு மூன்று நாட்கள் நஞ்சில்லாத அதே தீனியை எண்ணெய் தடவி வைத்துப் பழக்கிய பின் ஒரே ஓர் இரவு நஞ்சு கலந்து வைக்க வேண்டும். ஒரு பருவத்தில் ஒருமுறைக்கு மேல் இதைப் பயன்படுத்துவதில் பொருளில்லை. மீதமுள்ள எலிகளுக்குக் கிட்டியோ புரோமாடியோலோனோ ஏற்றது.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வளைக்குள் போடலாமா?

இது நச்சுவாயுவை வெளியிடும், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட பொருள். பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் மட்டுமே கையாளப்பட வேண்டும். இதற்கு மாற்று மருந்து இல்லை. வீட்டை ஒட்டிய வளைகளில் இதைப் போட்டால் வாயு சுவரிடுக்கு வழியாக உறங்கும் அறைக்குள் வரக்கூடும். வீட்டில் வாங்கி வைக்கவே வேண்டாம் என்பதே என் உறுதியான வேண்டுகோள்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்துள்ளது. உட்கொண்டவர் முதல் ஓரிரு நாட்கள் நலமாக இருப்பதுபோல் தோன்றி, பின்னர் கல்லீரல் செயலிழந்து இறந்த நிகழ்வுகள் ஏராளம். பழைய குழாய் எங்கேனும் பரணில் கிடந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள், வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

எலிக்காக வயலைச் சுற்றி மின்கம்பி கட்டலாமா?

கூடாது. எந்தச் சூழலிலும் கூடாது. ஈரமான வயலில் தாழ்வாக இழுத்த கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் அண்டை வயல்காரரையோ சொந்த மகனையோ கொல்லும் பொறியாகும். தமிழ்நாட்டில் எலிக்கும் பன்றிக்கும் வைத்த கம்பியில் மனிதர்கள் இறப்பது தொடர்ந்து நடக்கிறது. வைத்தவர் மீது உயிரிழப்புக்கான குற்ற வழக்கும் மின்திருட்டு வழக்கும் பாயும். எத்தனை மூட்டை நெல்லைக் காப்பதற்காகவும் இதை ஏற்க முடியாது.

பாலித்தீன் பை கட்டுவது, ஒலி எழுப்பும் கருவி, பூனை ஆகியவை உதவுமா?

காற்றில் சலசலக்கும் பைக்கு எலி சில நாட்கள் அஞ்சும், பின் பழகிவிடும். ஒலிக் கருவிகளும் அப்படியே. பூனை களஞ்சியத்தில் ஓரளவு உதவும். வயலில் அதை நம்ப முடியாது.

எலிக்காய்ச்சலிலிருந்து எப்படித் தற்காத்துக்கொள்வது?

எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள வெடிப்பு வழியாகவும் சிறு புண் வழியாகவும் கிருமியை உடலுக்குள் செலுத்துகிறது. சேற்றில் இறங்குவோர் காயத்தை மூடிக்கொள்ள வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடக் கூடாது. வளைக்குள் கையை விடவே கூடாது, அங்கே கண்ணாடி விரியனும் நாகமும் இருக்கலாம். வயல் வேலைக்குப் பின் சில நாட்களில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றினால், வயலில் இறங்கியதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே சிகிச்சை எடுத்தால் எளிதில் குணமாகும் நோய் இது. தள்ளிப்போட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும்.

யாரேனும் எலி மருந்தை உட்கொண்டுவிட்டால்?

உடனே 108 அழையுங்கள். உப்புக் கரைசலோ சாணக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் உறையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். அறிகுறி இல்லை என்று வீட்டிலேயே காத்திருப்பதுதான் பல உயிர்களைப் பறித்திருக்கிறது.

அறுவடை செய்த நெல்லை வீட்டில் எப்படிக் காப்பது?

சுண்டெலி நுழைய விரல் நுழையாத இடுக்கே போதும் என்பதால், கதவின் அடியிலும் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலும் உள்ள திறப்புகளைத் தகரத்தாலோ சிமெண்டாலோ அடைக்க வேண்டும். மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் சுற்றிலும் பார்த்துச் சுத்தம் செய்ய வழி இருக்கும். பத்தாயம் உள்ள வீடுகளில் அதன் கால்களைச் சுற்றிக் கூம்பு வடிவத் தகரம் பொருத்தலாம். உணவு தானியம் உள்ள அறையில் நஞ்சு வைக்காமல், பொறிகளை மட்டும் சுவரோரமாக வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும்.

சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து தெளித்திருக்கிறேன். இப்போது எலிக்கு என்ன செய்வது?

நெல் அறுத்த வயலில் உளுந்தோ பச்சைப்பயறோ நிற்கும்போது, வயலில் மீந்த எலிகளுக்குப் பயறு எடுக்கும் வரை தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். அறுவடை முடிந்த வாரத்திலேயே வரப்பு வளைகளைத் தோண்டிப் பார்ப்பது நல்லது. பயிர் தாழ்வாக இருப்பதால் வளைகள் தெளிவாகத் தெரியும். கிட்டி வைப்பதும் எளிது. பயறு எடுத்த கையோடு கோடைப் பணிக்கான நாளை அக்கம்பக்கத்தாருடன் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையோ, ஆடுதுறையிலுள்ள தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ, நீடாமங்கலம், சிக்கல் ஆகிய இடங்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையோ அதற்கு முன்பே அணுகினால், ஊர் முழுவதற்குமான செயல்விளக்கத்துக்கு ஏற்பாடு செய்யும்படி கேட்கலாம்.